வைப்பர் பாதியில நின்னுபோச்சு, மோட்டார் மாத்தணுமா?

27-05-2025, ராத்திரி

2010 மாடல் எட்டு சீட்டு வேன். வாங்கினதுல இருந்து நான் ஒருத்தன்தான் ஓட்டுதேன். ரெண்டு மாசமாவே வைப்பர் சோம்பலாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. ஜூன் ஒண்ணாம் தேதிக்கு முன்னால பாத்துடலாம்னு இருந்தேன். இந்த வருசம் பாருங்க, மே 24-ஆம் தேதியே கேரளாவுல காலவர்சம், அதான் தென்மேற்குப் பருவமழை, இறங்கிருச்சு.

ஞாயித்துக்கிழமை புனலூர்ல மச்சான் வீட்டுப் பால்காய்ப்பு. சாயங்காலம் செங்கோட்டைக்குத் திரும்புதோம், வேனுக்குள்ள ஒம்பது பேர். தென்மலை தாண்டுன உடனே மழை கொட்டுது. எதிர்ல வார டாரஸ் லாரி ஒவ்வொண்ணும் ஒரு வாளி சேத்துத் தண்ணிய கண்ணாடியில அடிச்சிட்டுப் போகுது. கழுதுருட்டி பக்கத்துல ‘டக்’னு ஒரு சத்தம். ரெண்டு வைப்பரும் நடுக் கண்ணாடியில நின்னுபோச்சு. சுவிட்ச எப்படிப் போட்டாலும் அசையல.

பதிமூணு கண்ணறைப் பாலத்து ஓரமா நிறுத்தி முக்கா மணி நேரம் இருந்தோம். மழை விடுற மாதிரி தெரியல. கடைசியில பால்காய்ப்பு வீட்டுச் சாமான் கட்டியிருந்த சணல் கயித்த அவுத்து, ரெண்டு வைப்பர் கையிலயும் கட்டி, ஒரு முனைய என் பக்கத்து ஜன்னல் வழியாவும் இன்னொரு முனைய இடது ஜன்னல் வழியாவும் உள்ள எடுத்தோம். இந்தப் பக்கம் எங்க அத்தான் இழுக்க, அந்தப் பக்கம் சகலை இழுக்க, ஆரியங்காவு, கோட்டவாசல், எஸ் வளைவு எல்லாம் இறங்கி புளியரை வந்து சேந்தோம். சகலைக்கு உள்ளங்கை செவந்துபோச்சு.

மறுநாள் ஒரு ஒர்க்ஷாப்புக்குப் போன் போட்டேன். வண்டியப் பாக்காமலே, “மோட்டார் போயிருக்கும், புதுசு போட்டா கூலியோட நாலாயிரத்தி ஐநூறு ஆகும்”னாங்க. மாத்திடவா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

28-05-2025

பியூஸ் பாத்தியான்னு நாலு பேர் கேட்டிருக்கீங்க. பாத்தேன், 15 ஆம்பியர், நல்லாத்தான் இருக்கு.

புகையிலைய நனைச்சு கண்ணாடியில தேய்க்கச் சொன்ன பெரியவருக்கு: எங்க அப்பாவும் அதத்தான் சொல்லுவாரு. தண்ணி முத்து முத்தா நிக்காம படலமா வழியும், சாரலுக்குத் தாங்கும். தென்மலையில அன்னைக்குப் பெஞ்சது சாரல் இல்ல.

30-05-2025

பழைய சாமான் கடையில இதே வண்டிக்கு உள்ள மோட்டார் கிடைச்சுது. 1,100 கேட்டான், 900-க்கு முடிச்சேன். கடையிலயே பேட்டரியில வச்சு ஓட்டிக் காட்டினான், சும்மா பறக்குது. ஞாயித்துக்கிழமை மாட்டப்போறேன். பொறுத்திருங்கன்னு சொன்னவங்க மன்னிக்கணும், வீட்ல பொறுக்க விடல.

01-06-2025, மத்தியானம்

இப்படி ஒரு முட்டாள்தனம் நான் பண்ணினதில்ல.

டாஷ்போர்டுக்கு அடியில மல்லாக்கப் படுத்து, டார்ச்ச வாயில கவ்விக்கிட்டுப் பாத்தா, மோட்டார் ஆட்டத்த வைப்பர் கைக்குக் கொண்டுபோற லிங்க் ராடு தனியா தொங்குது. மோட்டார் தண்டுல இருக்க குட்டிக் கைக்கும் லிங்க் ராடுக்கும் நடுவுல ஒரு நைலான் புஷ் உண்டு, உருண்டைத் தலை மேல அமுத்தி மாட்டுறது. அது தேஞ்சு கழண்டு விழுந்திருக்கு. மகள சாவி போடச் சொல்லி சுவிட்ச போட்டா மோட்டார் ‘ங்ங்ங்’னு சுத்துது. மோட்டாருக்கு ஒண்ணுமே இல்ல. அன்னைக்கு சீட்டுக்கு அடியில இருக்க இன்ஜின் சத்தத்துலயும் மழையிலயும் இது கேக்கல.

புஷ் முப்பது ரூபா. கடை இன்னைக்கு அடைப்பு. இப்போதைக்கு கிரீஸ் தடவி, மேல கேபிள் டை போட்டு இறுக்கி வச்சிருக்கேன். வைப்பர் கை சுத்துற தண்டு ரெண்டுலயும் தேங்காயெண்ணெய் விட்டேன், லேசாயிருக்கு. வேல முடிஞ்சுது.

900 ரூபாய்? கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டானாம். “கரண்டு சாமான் வெளிய போனா போனதுதான் அண்ணாச்சி.”

02-06-2025

நேத்து ஒருத்தர் மடக்கிக் கேட்டிருந்தாரு: “வைப்பர் மோட்டாருக்குள்ள இருக்கது வார்ம் கியர். மோட்டார் சுத்தினாத்தான் கை ஆடும், கையப் பிடிச்சு ஆட்டினா மோட்டார் சுத்தாது. அப்புறம் எப்படி கயிறு கட்டி இழுத்தீங்க? கதை விடாதீங்க.”

ஐயா, கதை இல்ல, ஆனா நீங்க சொன்னது நூத்துக்கு நூறு. அன்னைக்கு லிங்க் கழண்டு கெடந்ததாலதான் இழுக்க முடிஞ்சுது. மோட்டார் பாதியில செத்திருந்தா ரெண்டு கையும் ஆணி அடிச்ச மாதிரி நின்னிருக்கும், கயிறு அந்து போயிருக்கும். அதாவது கயிறு வேலை செஞ்ச அந்த நிமிசமே மோட்டார் நல்லாருக்குன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். 900 ரூபாய் குடுத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்.

08-06-2025

வேலை முடியல. புஷ் புதுசு போட்டாச்சு, ஆனா பழையபடி சோம்பல். மேல போகும்போது மூச்சு வாங்குது, இறங்கும்போது கொஞ்சம் வேகம். நேத்து குத்தாலம் போற வழியில, இலஞ்சி பக்கம், பியூஸ் போயிருச்சு. கையில வேற பியூஸ் இல்ல. சிகரெட் அட்டைக்குள்ள இருக்க வெள்ளித் தாளச் சுருட்டிச் செருகி வீடு வந்தோம். (சிகரெட் என்னுது இல்ல. சகலையது. வீட்ல இத வாசிக்கிறாங்க.)

அந்த 900 ரூபா மோட்டாரையும் மாட்டிப் பாத்தேன். அதுவும் அதே சோம்பல். அப்போ மோட்டார் இல்லன்னு முடிவாச்சு. மீட்டர் வச்சு வயரிங் பாத்தேன்: மோட்டார் பிளக்கக் கழட்டி, சுவிட்ச போட்டு அளந்தா 13.9 வோல்ட். பேட்டரியிலயும் 13.9. வயரிங் சுத்தம். பின்ன என்னதான்?

09-06-2025

வெள்ளித் தாளுக்கு இத்தனை பேர் திட்டுவீங்கன்னு நினைக்கல. ஒத்துக்கிடுதேன். பியூஸ் மோட்டாரக் காப்பாத்த இல்ல, வயரக் காப்பாத்த இருக்கு. 15 ஆம்பியர் இடத்துல தாளு போட்டா, எங்கயாவது இறுகி நின்னா வயர் கொதிச்சு டாஷ்போர்டுக்குள்ள தீ பிடிக்கும், உள்ள பிள்ளைங்க. எடுத்துட்டேன். நாலு பியூஸ் வாங்கி ஆஷ்ட்ரேயில போட்டு வச்சிருக்கேன். ஆஷ்ட்ரேக்கு இப்பத்தான் ஒரு நல்ல வேலை.

15-06-2025, புனலூர்ல இருந்து

மாமா வீட்டுக்குப் பக்கத்துல ஒரு ஆசான். எழுவது வயசு இருக்கும், ஒர்க்ஷாப்புன்னா ஒரு பலா மரத்து நிழலும் ஒரு டூல்ஸ் பெட்டியும். வண்டியக் காட்டுனேன். மீட்டரும் எடுக்கல, டெஸ்ட் லாம்பும் எடுக்கல. லிங்கக் கழட்டச் சொன்னாரு. வெளிய வந்து வைப்பர் கைய ரெண்டு விரலால தள்ளிப் பாத்தாரு. வலது கை போயிட்டு வந்துச்சு. ரெண்டு கையும் ஒண்ணோட ஒண்ணு சேந்துதானே இருக்கு, அந்த நடு ராடையும் கழட்டச் சொன்னாரு. இப்போ வலது கை ஒரே விரலுக்கு ஊஞ்சல் மாதிரி ஆடுது. இடது கை ரெண்டு கையால தள்ளினாத்தான் நகருது.

“மோட்டோறினு ஒரு குழப்பவும் இல்லா”ன்னுட்டு ஒரு பீடியப் பத்த வச்சாரு.

சகலையோட உள்ளங்கை செவந்தது ஏன்னு இப்பப் புரியுது. இடது தண்டு துருவேறி இறுகிக் கெடந்திருக்கு. ரெண்டு மாசமா மோட்டார் முக்கி முக்கி அத இழுத்துருக்கு. அந்த இழுப்புலதான் புஷ் தேஞ்சுது, அந்த இழுப்புலதான் பியூஸ் போச்சு. புஷ்ஷ மாத்திட்டு வேல முடிஞ்சுதுன்னு எழுதினேன் பாருங்க.

தேங்காயெண்ணெய் விட்டேன்னு சொன்னதும் ஆசானுக்குச் சிரிப்பு அடங்கல. மாமா பக்கத்துல நின்னு எனக்கு மொழிபெயர்த்தாரு: “தலைக்குத் தேய்க்கிறத வண்டிக்குத் தேய்ச்சா வண்டிக்கு முடி வளரும்.” மலைக் குளிர்ல அது உறையும், தூசியோட சேந்து பிசினாயிரும். ஒண்ணாம் தேதி நான் எழுதினத வச்சு யாரும் எண்ணெய் விட்டிருந்தா துடைச்சு எடுங்க.

17-06-2025

எப்படிக் கழட்டினாங்கன்னு கேட்டவங்களுக்கு.

வைப்பர் கையோட அடியில மூடி இருக்கும், அதுக்குள்ள நட்டு. நட்டக் கழட்டினாலும் கை வராது, பல் வெட்டின தண்டுல பிடிச்சிருக்கும். ஸ்க்ரூடிரைவர வச்சு நெம்புனா கண்ணாடிதான் போகும். நட்ட ரெண்டு சுத்து விட்டுட்டு, கைய மேல தூக்கி அப்படியும் இப்படியும் அசைச்சாரு, துரு இளக்குற ஸ்பிரே அடிச்சாரு, ஒரு டீ குடிச்சிட்டு வந்து அசைச்சாரு, வந்துருச்சு. அந்த டீ முக்கியம், அவசரப்பட்டா தண்டுல இருக்க பல்லு மழுங்கிரும். மழுங்கினா அப்புறம் தண்டு சுத்தும், கை சும்மா நிக்கும்.

தண்டு இரும்பு, அது உக்காந்திருக்க கூடு அலுமினியம். ரப்பர் மூடி வெடிச்சு மழைத் தண்ணி உள்ள இறங்கி, அலுமினியம் வெள்ளைப் பொடியாப் பூத்து தண்டப் பிடிச்சிருக்கு. தண்டு கழராமப் பிடிச்சிருக்க வளையம், கீழ இருக்க சர்க்கிளிப்ப எடுத்து, மேல இருந்து மரக்கட்டை வச்சுத் தட்டித் தட்டி இறக்கினாரு. நேரா சுத்தியல்ல அடிக்கல. எமரித் தாள் ரொம்பப் பொடிசு, லேசாத்தான் தேய்ச்சாரு, “நிறைய தேய்ச்சா ஆட்டம் குடுக்கும்”னாரு. மண்ணெண்ணெய்ல கழுவி, கிரீஸ் வச்சு, புது ரப்பர் வளையம் போட்டு மாட்டினாரு. இடது கையும் ஊஞ்சலாயிருச்சு.

கூலி 400. மாமா குடுக்க விடல. அதனால மாமாவுக்குக் குத்தாலத்துல இருந்து ஒரு பெட்டி மங்குஸ்தான் போயிருக்கு, அது 400-க்கு மேல.

17-06-2025, கொஞ்சம் கழிச்சு

செங்கோட்டைக்காரன் புனலூர் போய் வைப்பர் பாக்கணுமான்னு ஒரு தென்காசி அண்ணாச்சிக்கு வருத்தம். அண்ணாச்சி, 1956 நவம்பர் ஒண்ணாம் தேதி வரைக்கும் நாங்களும் அந்தத் திருவிதாங்கூர்-கொச்சிச் சீமைதான். எங்க ஆச்சி கடைசி வரைக்கும் புனலூர ‘நம்மூரு’ன்னுதான் சொன்னா.

22-06-2025

இன்னொரு குட்டிக்கரணம். வீட்டுக்கு வந்ததும் இடது கை கொஞ்சம் கீழ நிக்கிற மாதிரி தெரிஞ்சுது, ரெண்டு கையையும் நானே கழட்டி நேராக்கி மாட்டினேன். சுவிட்ச போட்டதும் இடது கை கண்ணாடிக்குக் கீழ தகரத்துல போய் ‘டொக் டொக்’னு இடிக்குது. வலது கை தூண் வரைக்கும் போகாம பாதியிலயே திரும்புது. நிறுத்தினாலும் கண்ணாடிக்குக் கீழ தகரத்துல போய்த்தான் நிக்குது.

மோட்டார் கியர்ல ஒரு சின்னத் தகட்டு சுவிட்ச் இருக்கு. நாம நிறுத்தினாலும், கை கீழ வந்து படுக்குற வரைக்கும் அதுதான் கரண்டு குடுத்து ஓட்டும். நான் சாவிய பாதியில அமத்திட்டதால மோட்டார் எங்கயோ நின்னிருந்துச்சு, அந்த நிலையில ரெண்டு கையையும் படுக்க வச்சு மாட்டிட்டேன். சரியான முறை: கை இல்லாம மோட்டார ஒரு சுத்து ஓட்டி, சாவிய எடுக்காம வைப்பர் சுவிட்ச மட்டும் நிறுத்தணும். அது தானா வந்து நிக்கிற இடம்தான் படுக்கை. அதுக்கப்புறம் கைய மாட்டு. அஞ்சு நிமிச வேல, எனக்கு ஒன்றரை மணி நேரம்.

சுவிட்ச நிறுத்துன இடத்துலயே கை நின்னுபோகுதுன்னு கேட்ட தம்பிக்கும் இதே தகட்டு சுவிட்ச்தான் முதல் சந்தேகம். கியர் மூடியத் திறந்து, தகட்டுல கருப்பா படிஞ்சிருந்தா சுத்தம் பண்ணிப் பாருங்க. கம்பம் ஊர்க்காரர் கேட்டது வேற: மெதுவா போடுற நிலையில ஓடல, வேகத்துல மட்டும் ஓடுது. இந்த மோட்டார்கள்ல, சுத்துற பாகத்துக்குக் கரண்டு குடுக்குற கார்பன் பிரஷ் மூணு. ஒண்ணு பொது, ஒண்ணு மெதுவுக்கு, ஒண்ணு வேகத்துக்கு. முதல்ல சுவிட்ச்ல இருந்து மெது லைன்ல கரண்டு வருதான்னு பாருங்க. வந்தும் ஓடலன்னா மெது பிரஷ் தேஞ்சிருக்கும். அது நிஜமாவே மோட்டார் கோளாறு. என்கிட்ட ஒரு மோட்டார் இருக்கு, 900 ரூபாய்.

29-06-2025

எட்டாம் தேதி ‘வயரிங் சுத்தம்’னு எழுதினேன்ல? தப்பு.

தண்டு இளகினதும் வைப்பர் நல்லா ஓடுச்சு, ஆனா ராத்திரி ஹெட்லைட்டும் போட்டா கொஞ்சம் தொய்யுது. மின் வாரியத்துல இருக்க ஒரு வாசகர் எனக்குத் தனியா எழுதினாரு: பிளக்கக் கழட்டி அளந்தா கரண்டே ஓடல, கரண்டு ஓடலன்னா துரு இருந்தாலும் வோல்ட் முழுசாத்தான் காட்டும். குழாய அடைச்சு வச்சுட்டு அழுத்தம் பாக்குற மாதிரி. வைப்பர் ஓடும்போது அளக்கணும்.

அளந்தேன். இன்ஜின் ஓடுது, வைப்பர் ஓடுது, பேட்டரியில 13.9. மோட்டாருக்கு உள்ளபடி கிடைக்கிறது 11.2. மோட்டார் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல மட்டும் 1.9 வோல்ட் நிக்குது. அங்க பூச்சியம் பக்கத்துல இருக்கணும். மோட்டார வண்டி உடம்போட சேக்குற எர்த் போல்ட்ட கழட்டினா அடியில செங்கல் கலர்ல துரு. சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கினேன், மேல வாசலின் தடவினேன். இப்போ அங்க 0.1. மோட்டாருக்கு 13. மீதி 0.8 சுவிட்சு வழியில போகுது, 15 வருச வண்டிக்கு அத மன்னிச்சு விட்டுட்டேன்.

ஆக எனக்கு இருந்தது மூணு நோய். துருப்பிடிச்ச தண்டு, தேஞ்ச புஷ், கெட்டுப்போன எர்த். போன்ல சொன்ன வைத்தியம் மோட்டார்.

06-07-2025

ரப்பர். எல்லாரும் இங்கதான் தொடங்குவாங்க, நான் கடைசியில வந்திருக்கேன். புது பிளேடு போட்டும் ‘டர்ர்ர்’னு குதிச்சுக் குதிச்சுத் துடைச்சுது. பிளேடு மேல பழி போடாதீங்க. லாரிப் புகையும் எண்ணெயும் கண்ணாடியில கண்ணுக்குத் தெரியாமப் படிஞ்சிருக்கும். பாத்திரம் விளக்குற சோப்பப் போட்டு நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டு, பழைய நியூஸ்பேப்பர்ல துடைச்சேன், முக்கால்வாசி போச்சு. மீதி, கையோட நுனி முறுக்கிக் கெடந்ததால. ரப்பர் கண்ணாடிக்குச் செங்குத்தா நிக்கணும், அப்பத்தான் போகும்போது ஒரு பக்கமும் வரும்போது மறு பக்கமும் மடங்கும். ஒரே பக்கம் சாஞ்சிருந்தா ஒரு போக்குல துடைக்கும், மறு போக்குல குதிக்கும். ஸ்பேனர வச்சு நுனிய ஒரு நூல் திருப்பினேன்.

அளவு கேட்டு வாங்குங்க. கடையில இல்லன்னு ரெண்டு இஞ்ச் பெரிசு குடுப்பான். மோட்டாருக்கும் சுமை, நடுவுல ரெண்டும் ஒண்ண ஒண்ணு அடிக்கும்.

குத்தாலத்துல சாரல் அருமையா இருக்கு. ஐந்தருவிக்குப் போனோம். சாரலுக்கு வைப்பரத் தொடர்ந்து போட்டா காஞ்ச கண்ணாடியில கீச்சிடும், போடலன்னா தெரியாது. விட்டு விட்டுத் துடைக்கிற வசதி என் வண்டியில கிடையாது, நானேதான் போட்டு போட்டு அமத்துதேன்.

20-07-2025

மகள் பள்ளிக்கூடத்துல இருந்து ஒரு சேதி கொண்டுவந்தா. வைப்பருக்கு முதல்முதலா உரிமம் வாங்கினவங்கள்ல மேரி ஆண்டர்சன்னு ஒரு அமெரிக்க அம்மா உண்டாம், 1903-ல. அது மோட்டார்ல ஓடாது, உள்ள உக்காந்து ஒரு கைப்பிடியப் பிடிச்சு ஆட்டணும். சகலைக்கு இத வாசிச்சுக் காட்டினேன். “அந்த அம்மாவுக்குக் கைப்பிடியாவது இருந்துச்சு”ன்னுட்டாரு.

12-10-2025

நாலு பேர் ‘என்னாச்சு’ன்னு கேட்டிருந்தீங்க. தனியார் வண்டிக்கு ஆர்.சி. பதினஞ்சு வருசம், இந்த மாசம் முடியுது, அஞ்சு வருசத்துக்குப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வண்டியக் காட்டப் போனேன். பொன்னா வெயில் அடிக்குது. ஹார்ன், லைட், பிரேக் எல்லாம் பாத்துட்டு, “வைப்பரப் போடுங்க”ன்னாரு இன்ஸ்பெக்டர். முதல்ல தண்ணி அடிச்சேன், அப்புறம் போட்டேன். ரெண்டு சுத்து கூடப் போகல, “போதும் போதும், நிறுத்துங்க”ன்னுட்டாரு. நாலரை மாசம் பாடுபட்டது ரெண்டு சுத்து. இன்னும் நாலு சுத்து பாருங்க சார்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு.

நிறுத்தினேன். கை ரெண்டும் கீழ வந்து சரியாப் படுத்துது.

மோட்டார் பரண்லதான் கெடக்கு. கம்பத்துக்காரருக்கு சுவிட்ச்தான் கோளாறாம், வேண்டாம்னுட்டாரு. யாருக்காவது வேணும்னா செங்கோட்டைக்கு வந்து எடுத்துக்கோங்க, காசு வேண்டாம். சணல் கயிறும் சேத்துத் தாரேன்.